டீன் எடுத்த ஏழு வகுப்பு

கம்ப்யூட்டரிடம் ஒரு நல்ல குணம் உண்டு: நாம் தப்புப் பண்ணினால் எத்தனையாவது வரியில் என்று அந்த நிமிஷமே சொல்லிவிடும். நிர்வாகத்தில் நாம் பண்ணுகிற தப்பு ஆறு மாசம் கழித்து இன்னொருத்தர் தலையில் போய் விடியும். பாடம் எடுக்க வந்து நாற்காலியில் மாட்டிக்கொண்ட வாத்தியார்களே, டீச்சர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்தில் போன வருஷம் ஜூனில் என்னைப் பிடித்து டீன் ஆக்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டாம் வருஷ பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளை நான்தான் எடுப்பேன், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கக் கூடாது. தகவலை எப்படி அடுக்கி வைத்தால் சட்டென்று தேடி எடுக்கலாம் என்கிற பாடம் அது. அதில் கோட்டை விட்டால் மேற்கொண்டு எதுவும் ஏறாது. துணைவேந்தர் "தாராளமா எடுங்க" என்றார். நானும் நம்பினேன்.

நாற்காலிக்கு மார்க்

முதல் வாரமே ஒரு ஃபைல் வந்தது. லேபுக்கு நாற்பது நாற்காலி வாங்க அனுமதி வேண்டுமாம். வாசித்தேன். கூட்டலில் தப்பு. இரண்டாம் பக்கத்தில் சொன்னதையே நாலாம் பக்கத்தில் மறுபடி சொல்லியிருந்தார்கள். கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்துத் தப்பையெல்லாம் சுழித்து, ஓரத்தில் 'விளக்கம் போதாது' என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் பத்துக்கு ஆறு போட்டு, கீழே கையெழுத்தும் வைத்து அனுப்பிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அந்த ஃபைல் மூன்று அறை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. என் அலுவலகக் கண்காணிப்பாளர் முத்துக்கருப்பன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் பல டீன்களைப் பார்த்தவர், முகத்தில் சிரிப்பே இல்லை. "மேடம், பத்துக்கு ஆறு போட்டிருக்கீக. நாற்காலி வாங்கலாமா, இல்ல அரியரா?"

மூன்று கேள்வி

ஜூலையில் அட்மிஷன். இளையாத்தங்குடிப் பக்கமிருந்து ஒரு தகப்பனார் மகளைச் சேர்க்க வந்தார். ஊரில் இருக்கிற பெரிய வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக மாற்றி நடத்துகிறவர். நல்ல விவரமான மனுஷர். என்ன சொல்லிக்கொடுப்பீர்கள், யார் சொல்லிக்கொடுப்பார்கள், வேலை கிடைக்குமா என்று மூன்றே கேள்வி கேட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்து, முக்கியமான தாள் நானே எடுக்கிறேன் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு போன், மூன்று ஃபைல். பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நிற்கிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீகம்மா. நான் வந்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் என் முகத்தையே நீங்க முழுசாப் பாக்கல. பிள்ளைகள எப்பப் பாப்பீக?"

திங்கள், புதன், வெள்ளி

என் வகுப்பு வாரத்தில் மூன்று நாள், காலையில் முதல் மணி நேரம். திங்கட்கிழமை துணைவேந்தர் கூட்டம் வைப்பார். புதன்கிழமை பாடத்திட்டக் குழு. வெள்ளிக்கிழமை யாராவது பெரிய மனுஷர் வருவார், பொன்னாடையோடு நிற்க வேண்டும். சாயங்காலம் வைக்கலாம் என்றால் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். சரி, முதல் மணிக்கு முன்னாடியே காலை எட்டு மணிக்கு வாருங்கள் என்று அறிவித்தேன். வந்தார்கள், பாவம். அதிலும் பாதி நாள் போன் வந்து நான் ஓடினேன்.

துறைத் தலைவர் ராமநாதன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். கௌரவ விரிவுரையாளர் சிவகாமி நன்றாக எடுப்பார், அவரிடம் கொடுத்துவிடலாமே என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது என் தாள் சார், அதை விட்டா நான் வாத்தியாரே இல்ல" என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வறட்டுக் கௌரவம், வேறென்ன.

அந்த வகுப்பில் நஸ்ரீன் என்று ஒரு பெண். தேவகோட்டையிலிருந்து வருவாள். அப்பாவை அத்தா என்பாள், அவர் குவைத்தில் டிரைவர். கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு கம்பெனி பயிற்சி கொடுத்து, தேறினால் வேலையும் கொடுக்கும். அதில் எப்படியாவது சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே நினைப்பு. அரியர் இருந்தால் பெயரே கொடுக்க முடியாது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் அவளை என் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். "எட்டு மணிக்கு வரணும்னா ஆறே காலுக்கே பஸ் ஏறணும் மேடம், ஏறிருவோம். நீங்க இருப்பீகளான்னு மட்டும் முந்தின நாளே சொல்லிருங்க."

ஆதாரம்

அக்டோபரில் தரச் சான்றுக்கான குழு வருவதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும், போட்டோவில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். நிர்வாகிகளும் பாடம் எடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு படம் கேட்டார்கள். இரண்டாம் வருஷப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, என்னைப் போர்டு பக்கத்தில் நிறுத்தினார்கள்.

சும்மா நிற்பானேன் என்று மார்க்கரை எடுத்து ஒரு மரம் வரைந்தேன், தகவலைக் கிளை கிளையாய் அடுக்கிக் காட்டுகிற மரப்படம். நஸ்ரீன் கையைத் தூக்கி, நடுவில் இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டால் அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் என்னாகும் என்று கேட்டாள். அருமையான கேள்வி. ரொம்ப நாளைக்கு அப்புறம் நான் நானாக இருந்தேன். அழித்து அழித்து வரைந்தேன், பிள்ளைகள் நோட்டை எடுத்துவிட்டார்கள். பாதியில், தரச் சான்று வேலையைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளர் வந்து பக்கத்தில் நின்றார். "மேடம், போட்டோ நல்லா வந்துருச்சு. போதும், நீங்க கெளம்பலாம். பிள்ளைகள அடுத்த படத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

எனக்கு வந்த மெமோ

ரிசல்ட் வந்தது. என் தாளில் வகுப்பில் பாதிக்கு மேல் ஃபெயில். அப்படி ஆனால் சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் டீன் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வந்த புதிதில் நானே சிலரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். முத்துக்கருப்பன் மெமோவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அனுப்புநர் நான், பெறுநர் நான். விடைத்தாளை யாராவது கண்டபடி திருத்திவிட்டார்களோ என்று ஒரு அல்ப ஆசையில் கேட்டுப் பார்த்தேன். இல்லையாம், சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்கள். பேனாவைக் கையில் எடுத்தேன். அவமானமாக இருந்தது. அவர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "மேல கேக்குறவுக எடத்துல ஒரு கையெழுத்து, கீழ வாங்கிக்கிட்டவுக எடத்துல ஒண்ணு போடுங்க மேடம். பதிலுக்கு ஏழு நாள் டயம் இருக்கு."

பட்டியல்

அதே வாரம் சென்னைப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். பட்டியலில் நஸ்ரீன் இல்லை. மற்ற எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு, என் தாளில் மட்டும் பாஸுக்கு ஐந்து மார்க் குறைவு. கம்பெனிக்கு நானே போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தேன், டீன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அரியர் இருந்தால் முடியாது என்று போனை வைத்துவிட்டார்கள்.

அவளைக் கூப்பிட்டனுப்பினேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன், திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிவிடலாம்மா என்று நான் எதையோ சொல்ல, அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள். "நீங்க எடுத்த ஏழு வகுப்புல இருந்து வந்த கேள்விக்கெல்லாம் முழு மார்க் வாங்கிருக்கேன் மேடம். மிச்சத்துக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல."

இந்த வருஷம் அந்தத் தாளைச் சிவகாமியிடம் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். டீனாகி ஒரு வருஷத்தில் பிள்ளைகளுக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் ஒரு வருஷம் தாமதம்.