தண்ணீர் வற்றும் நேரத்துக் கூட்டம்

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள்: காட்டிலாகா அதிகாரி, அவருக்கு ஃபைல் தூக்க ஒருவர், பெரிய கட்டடங்களின் சொசைட்டிக்காரர்கள் ஐந்து பேர், வேலி போடப்போகும் கான்ட்ராக்டர், கமிட்டி செக்ரட்டரி. காடியின் சேற்றில் இறங்கி நண்டு பிடித்துப் பிழைக்கும் பதினேழு பெண்களில் என் அம்மா ஒருத்திதான். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். இல்லை, இவ்வளவுதான்.

காடி என்று நாங்கள் சொல்வது செம்பூரைத் தாண்டியுள்ள உப்பங்கழி. அதன் ஓரத்து அலையாத்திக் காட்டைக் காப்பாற்ற சர்க்கார் கமிட்டி போட்டிருந்தது. காட்டை நம்பிப் பிழைக்கிறவர்களும் உட்கார்ந்துதான் எதையும் முடிவு செய்ய வேண்டுமாம். காகிதத்தில் அப்படி இருந்தது. சுற்றிலும் வேலி வரப்போகிறது. கேட் ஒன்றே ஒன்று. அது எங்கள் குடிசைப் பக்கம் வந்தால் அம்மா சேற்றில் இறங்கலாம். சொசைட்டிப் பக்கம் போனால் வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டான்.

"கேட்டு எங்க பக்கம் வரணும்" என்றாள் அம்மா.

செக்ரட்டரி தமிழர்தான், குடியிருப்பது சொசைட்டியில். சிரித்தார். "அது போன மீட்டிங்லயே பாஸ் ஆயிடுச்சும்மா. கேட் எங்க சைடு. ரெண்டு மீட்டிங் வச்சோம், உங்க ஆளுங்க ஒருத்தரும் வரலை. இன்ட்ரஸ்ட் இல்லைன்னு எழுதியாச்சு."

"எப்படிய்யா வருவோம்? தண்ணி வத்துற நேரமாப் பாத்துல்லா மீட்டிங்கு வைக்கீய? இன்னைக்குப் பொழப்ப விட்டுட்டு வந்து நிக்கேன்."

"தண்ணி வத்துறதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்?"

சொல்லிக்கொண்டே தீர்மானத்தைக் காட்ட ஃபைலைத் திறந்தார். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் மேலாக இருந்தது. வரிசை வரிசையாக நிலாக்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கடிகாரம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்த நிலாக்களைத் தெரியும்.

நான் வரைந்தவை. தண்ணீர் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான், பெண்கள் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் கணக்குப் போட்டு, எங்கள் தகரக் கதவில் அம்மாவுக்காகச் சாக்பீஸால் படமாகப் போட்டுவைப்பேன். வேலிக்கு அளவெடுக்க வந்த செக்ரட்டரி அதைப் பார்த்து, "அட, கெட்டிக்காரி! எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்" என்றார். ஸ்கெட்ச் பேனாவில் கலர் அடித்துக் கொடுத்தேன். தலையில் தட்டிக் கொடுத்தார்.

படுபாவி. கடல் ஏறி இறங்கும் நேரம் பேப்பரில் வரும். எங்கள் பெண்கள் எப்போது கரையில் இருக்க மாட்டார்கள் என்பது எந்தப் பேப்பரில் வரும்? அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டம் வைத்திருக்கிறான். வரவில்லை என்று எழுதத் தெரிந்தது. ஏன் வரவில்லை என்று எழுத ஒருத்தனுக்கும் கை வரவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். சட்டம் பேசத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் யாராவது மீட்டிங் என்றால் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அன்று அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள். அதிகாரி அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பெண்கள் தொடைவரை சேறோடு கரையேறி நின்றார்கள்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் சித்தி.

"கேட்டு அந்தப் பக்கம் போயிட்டு."

சித்தி கூடையைத் தரையில் அடித்தாள். நண்டுகள் நாலா பக்கமும் ஓடின, ஒருத்தியும் குனியவில்லை. "நம்ம எறங்குற நேரத்த அவனுக்கு எவ சொல்லிக் குடுத்தா? அவ நாக்கு அழுகிப் போவ!"

"ஏட்டி, நெலா என்ன நமக்கு மட்டுமா தெரியுது? அவனும் அண்ணாந்து பாத்திருப்பான்" என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவராகவா கண்டுபிடித்தார்? நான்தான் கலர் அடித்துக் கொடுத்தேன், அதை ஃபைலில் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் தெரியுமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டை நெரித்தது. வளையல் சதைக்குள் பதிந்தது. நான் ஒரு தப்பும் செய்யாதபோது இவள் ஏன் இப்படி வலிக்கப் பிடிக்கிறாள் என்று எனக்கு அம்மாவின் மேல்தான் ஆத்திரம் வந்தது.