ஒரு முழம் குறைந்த வண்டி

அறுபட்ட இரும்புக்கு ஒரு வாசனை உண்டு. தீக்குச்சி அணைந்த கணத்தில் எழுவதையும், நாவைக் கடித்துக்கொண்டால் வாய்க்குள் ஊறுவதையும் ஒன்றாய்க் கலந்தாற்போன்றது அது. குளிர்காலத்தில், கதவடைத்த பட்டறைக்குள், சட்டையிலும் தலைமயிரிலும் ஏறிக்கொண்டால் ஒரு முழுக்கோடு போய்விடாது. என் தந்தையார் இறந்த மாதத்தில், பேர்ண் நகரின் மேற்கே பூம்ப்ளிஸில், அந்த வாசனையோடுதான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

தந்தையார் யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டியவர். இந்த நாட்டுக்கு வந்து உணவகமொன்றில் "கோப்பை கழுவி", வதிவிட அனுமதி கிடைத்த பின்னர் தமக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள், பாசிநிறம் வெளிறிப்போன பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டி ஒன்றுதான். இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம் என்னும்படியாக நீண்ட பெட்டி அதற்கு. ஊரவர்கள் அகதி விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்குக் குடிபெயரும்போது கட்டிலும் மெத்தையும் அதில்தான் ஏறும். கோயிலுக்கு அரிசி மூட்டைகளும் அதில்தான் போகும். அரிசி ஏற்றிய நாட்களில் அவர் என் அண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டு, மூட்டை சரியாமல் பார்த்துக்கொள்ளும் சாட்டில், சட்டத்துக்கு விரோதமாகப் பின்பெட்டியிலேயே குந்தியிருந்து வருவார். வண்டி நின்றதும் பின்பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவார்.

மாரடைப்பு அவரை வேலையிடத்திலேயே கொண்டுபோயிற்று. வண்டி நிறுத்தியிருந்த, விவசாயி ஒருவரின் கொட்டகையை இடித்துக் குடியிருப்புகள் கட்டவிருந்ததால், அந்த மாதத்துக்குள் அதை அப்புறப்படுத்தவேண்டியிருந்தது. எங்களுக்கிருந்த ஒரே இடம், நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் நிலக்கீழில், இழுகதவு போட்ட "பொக்ஸ்" என்னும் ஒற்றைக் கூடு. வண்டியோ அதைவிட ஒரு முழம் நீளம்.

இழவு வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்களில் துன் நகரத்து விடுதியொன்றில் சமைத்துக்கொண்டிருந்த கந்தையா மாமாவும் ஒருவர். தந்தையாரோடு ஊரில் ஒரே லொறியில் ஓடியவர்.

"பேசாமல் வித்துப்போடு, தம்பி," என்றார் அவர், அண்ணனிடம்.

"வித்தால் அப்பாவை வித்தமாதிரி, மாமா. வெட்டிக் குறைக்கப்போறன்."

"அப்ப வெட்டினால்?" என்று கேட்டார் அம்மா.

மாமா தொண்டையைச் செருமினார். "மச்சான் உயிரோடை இருந்தால் வண்டியை வெட்டமாட்டான். போய்ச் சுவரை இடிச்சிருப்பான்." சாவுக்குப் பின் எங்கள் வீட்டில் எழுந்த முதற் சிரிப்பு அது, அம்மாவும் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் அப்போதுதான் மெக்கானிக் பயிற்சியை முடித்திருந்தார். அவருடைய முதலாளியை, எல்லாரையும்போல நாங்களும், இந்நாட்டு மொழியில் முதலாளி என்று பொருள்படும் "ஷெஃப்" என்றே அழைத்தோம். அதிகம் பேசாத, நல்ல மனிதர். ஓய்வு நாட்களில் பட்டறையைத் தந்தார். பெட்டியைக் கழற்றி, எண்ணெய்த் தாங்கியை இறக்கி, வண்டியின் முதுகெலும்பான சேஸியின் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் சுண்ணக்கட்டியால் கோடிட்டார் அண்ணன். நேராக அறுத்தால் பாரமெல்லாம் ஒரே கோட்டில் வந்து விழும் என்பதால், படிக்கட்டுப்போல் மடித்து மடித்து அறுக்கவேண்டுமாம். அறுப்பதற்கு முன் அம்மா வந்து கோட்டின்மேல் மஞ்சள் தடவி, சில்லின் கீழ் தேசிக்காய் வைத்தார். ஷெஃப் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு, ஆலயத்துள் நிற்பவர்போல் நின்றார்.

அறுத்த பிற்பாடு வண்டி இரண்டு துண்டாய்க் கிடந்தது. எஞ்சினும் இருக்கையும் கொண்ட முன்பாதி கதவை நோக்கியும், இரண்டு சில்லும் அச்சும் மட்டுமான பின்பாதி சுவரோரமாகவும் கிடக்க, நடுவில் ஓராள் நடக்கத்தக்க வெளி. நான் அதனூடாக நடந்தேன். பட்டறையின் மறுமூலையில் அண்ணன் அரம் போட்டுக்கொண்டிருந்தார். வெளிக்குள் கால் வைத்ததும் அரத்தின் ஒலி அற்றுப்போயிற்று. மறுபக்கம் வெளியேறியதும் மீண்டது. இது ஒரு சிறுவனின் செவியடைப்பு என்றே, விஞ்ஞானம் படித்தவனாக, இன்றும் எழுதவேண்டியவன் நான். அம்மா என் கையைப் பற்றி இழுத்தார். "அதுக்குள்ளாலை போகாதை. அது இப்ப வழியில்லை."

பின்பாதியை முன்னே உருட்டி, மூலைக்கு மூலை அளவுநாடா பிடித்துச் சரிபார்த்து, உருக்கி ஒட்டி, உட்புறம் தகடு வைத்து இறுக்கினார்கள். சுழல்தண்டும் பிரேக் குழாய்களும் குறுகின. பழைய வண்டிக் கிடங்கொன்றில் குறும்பெட்டி ஒன்றும் அகப்பட்டது. பிழை நேர்ந்தது இரும்பை ஒட்டியதில் அன்று. சட்டத்துக்கு ஒன்றாக அறுத்தெடுத்த ஒரு முழத் துண்டுகள் இரண்டையும், சாவுக் கிரியையான அந்தியேட்டியன்று, தந்தையாரின் சாம்பலோடு சேர்த்து ஆறே என்னும் நதியில் விடவேண்டும் என்று அம்மா மனத்துக்குள் நினைத்திருந்தார். வெட்கத்தால் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒழுங்குக்குப் பேர்போன ஷெஃப், மறுநாட் காலையே பட்டறையைக் கூட்டித் துடைத்து, துண்டுகளைப் பழைய இரும்புக்காரரின் கூடைக்குள் போட்டுவிட்டார். கோயிலுக்குப் போய் ஐயரிடம் அம்மா பின்னர் கேட்டபோது, "இரும்புக்குக் கிரியை இல்லை, பிள்ளை" என்று அவர் சொன்னார். திரும்பும் வழியில், ட்ராமுக்குள், கந்தையா மாமா அம்மாவுக்குக் கேளாமல் அண்ணனிடம் முணுமுணுத்தார்: "காரியம் செய்யாத சாமான் வீடு தேடி வரும், தம்பி. ஊரிலை அப்பிடித்தான் சொல்லுறது."

வாகனப் பரிசோதனையில் வண்டி தேறிற்று. பரிசோதகர் நீளத்தை அளந்தார்; வண்டியைச் சுற்றி வந்து, காரணம் சொல்லாமல், திரும்பவும் அளந்தார்; பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரை குத்தினார்.

அன்று பின்னேரமே பொக்ஸுக்குக் கொண்டுபோனோம். நான் சுவரோரம் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கைகாட்டினேன். வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருக்கையில் பின்னால் மெல்லிய ஒரு தட்டு ஒலித்தது. உள்ளங்கை பலகையிற் படுவதுபோல. அண்ணன் பிரேக்கை அழுத்தினார்.

"இடிச்சிட்டுதோ?"

"இல்லை அண்ணை. இன்னும் இடமிருக்கு."

"எவ்வளவு?"

நான் கையைச் சுவருக்கும் பம்பருக்குமிடையில் நீட்டினேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரியாகப் பொருந்திற்று. அண்ணன் முன்னே எடுத்து மீண்டும் வந்தார். அதே இடத்தில் அதே தட்டு; அவருடைய கால் மறுபடியும் பிரேக்குக்குப் போயிற்று. வண்டியின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு இறங்கவில்லை. கதவு பூட்டாவிட்டால் பொக்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கட்டடத்தின் காவற்காரர் முன்னரே எச்சரித்திருந்தார். கொடுத்தால் வண்டியும் இல்லை. பிறகு எதற்காக வெட்டினோம்?

அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எஞ்சினை நிப்பாட்டு," என்றார். "கொஞ்சம் பொறு. இறங்கட்டும். பிறகு தள்ளுங்கோ."

யார் என்று நாங்கள் கேட்கவில்லை. எஞ்சின் அணைந்தது. சற்று நேரம் பொறுத்தோம். பின்னர் அண்ணனும் நானுமாய்த் தள்ள, வண்டி ஓசையின்றி அந்த ஒரு முழத்தையும் கடந்து சுவரோரம் போய் நின்றது, கதவு இறங்கிற்று.

அதன்பின் அது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. தட்டுக் கேட்கும்வரை வருவது, அணைப்பது, பொறுப்பது, தள்ளுவது. அம்மா காலமான பின்னும் அண்ணன் அதை மாற்றவில்லை. நான் படித்து, உலோகங்களின் தகைவு பற்றிக் கற்பிப்பவனாகி, ஜெனீவாவுக்குக் குடிபோனேன். ஒருமுறை வந்திருந்தபோது, ஒட்டிய இரும்புக்குள் அடைபட்ட இறுக்கம் பிரேக்கின் அழுத்தத்தில் விடுபடுவதால் அப்படியொரு ஒலி பிறக்கக்கூடும் என்று அண்ணனுக்கு விளக்கினேன். பிரேக் மிதிப்பதற்கு முன்னரே அது கேட்கிறது என்பதை நான் சொல்லாமல் விட்டேன், அவரும் சுட்டிக்காட்டவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓம். படிச்சவன் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். "இப்ப வந்து தள்ளு."

அண்ணன் மணஞ்செய்யவில்லை. சென்ற இலையுதிர்காலத்தில், நோயென்று எனக்கு அறிவித்த சில கிழமைகளுக்குள், அவரும் போய்விட்டார். கொள்ளி வைக்கவும் சாம்பலை நதியில் விடவும் நான் ஒருவனே இருந்தேன். அதைப்பற்றி இங்கே மேலும் எழுத விரும்பவில்லை.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் வண்டியின் மின்கலத்துக்கு உயிரூட்டி, குடியிருப்பை ஒருமுறை சுற்றி ஓட்டிவந்தேன். வானம் தெளிந்திருந்த நண்பகல். மாடிகளில் இப்போது வேறு மொழிகள் பேசுவோர் குடியிருக்கிறார்கள். எங்களவர்கள் தோட்டம் வைத்த வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஷெஃப்பின் பட்டறை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. கந்தையா மாமாவும் இல்லை. கைகாட்ட ஆளில்லாததால் கண்ணாடிகளைப் பார்த்தபடி மெதுவாகப் பொக்ஸுக்குள் பின்னேற்றினேன். தட்டுக்காகக் காதைக் கொடுத்திருந்தேன். அது வரும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது, கடந்தது. கேட்கவில்லை, ஆகவே நிறுத்தவும் இல்லை. பம்பர் சுவரில் மோதிற்று. சுண்ணாம்பு உதிர்ந்தது. எஞ்சின் தானாகவே நின்றுபோயிற்று.

இறங்கிப் பார்த்தேன். வண்டிக்கும் சுவருக்குமிடையில் விரல் நுழைய இடமில்லை. நாடா சொன்ன நீளமே இப்போது வண்டியின் நீளம். தள்ளுவதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. தந்தையார் இறந்த செய்தியை, இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின்னர், எவரோ நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனதைப்போல் இருந்தது.

வண்டியை முன்னே எடுத்தேன். மறுபடியும் பின்னேற்றினேன். சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நானாகவே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொறுத்திருந்தேன். பிறகு இறங்கித் தள்ளினேன். ஒருவன் தனியே தள்ள அது மிகவும் பாரமான வண்டி.