தோழர் கைவைத்த சகன்

எங்கள் முட்டைக் கோழி தோழருக்காகத்தான் அறுபட்டது. பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற காலம். முட்டை விற்ற விலையில் முட்டையிடுகிற கோழியை யாராவது அறுப்பார்களா? உம்மா ஒருமுறை வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கோழியைப் பிடித்துக் கொடுத்தார்.

வாப்பா பாலாவி உப்பளத்தில் உப்பு வாருகிறவர். முதலாளி வேலைநாட்களைப் பாதியாக்கிய நேரம் பார்த்துத் தேர்தலும் வந்தது, சிவப்புக் கொடியோடு ஒரு தொழிலாளர் கட்சியும் வந்தது. உழைக்கிற இடம்தான் உழைப்பாளியின் ஊர் என்று புத்தளத்தில் போட்டியிட்ட கட்சித் தோழர் மேடையில் சொன்னாராம். சின்ன வயதில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும் அகதி என்றே பெயர் கேட்ட மனுசன் வாப்பா. அந்தப் பேச்சில் அப்படியே விழுந்துவிட்டார்.

வேலியில் கொடி கட்டினார். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். கொடியா வேலையா என்று உப்பளக் கங்காணி கேட்டபோது கொடி என்றார். மறுநாளே வேலை போனது. தான் வென்றதும் முதல் வேலையாக அதைத் திருப்பி வாங்கித் தருவதாகத் தோழர் சொல்லியிருக்கிறார் என்று உம்மாவைச் சமாதானப்படுத்தினார். எங்கள் வீட்டு அடுப்பு அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எரிந்தது.

தோழர் சிலாபத்துப் பக்கத்து ஆள், எங்கள் மார்க்கம் இல்லை. ஆனாலும் கோழி அறுத்த அன்று பாயில் சம்மணமிட்டு, ஒரே பெரிய தட்டில் எல்லாரும் கையிட்டுச் சாப்பிடுகிற சகன் சோற்றில் எங்களோடு கைவைத்தார். கோழியின் கால் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அதுவரை கோழிக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்த நான் அத்தோடு தோழரின் கட்சி.

"இந்தக் குடியிருப்பில எத்தின வோட்டு இருக்கும், நானா?" என்று, வாப்பாவை எங்கள் வழக்கப்படி அண்ணனாக அழைத்துக் கேட்டார் தோழர்.

வாப்பா பெருமையோடு சொன்னார். "எங்கட வோட்டுப் பதிவெல்லாம் மன்னார்ல, தோழர். இன்னும் மாத்தல்ல. அதையும் மாத்தினா எங்களுக்கு ஊரே இல்லாமப் போயிடுமே."

"எல்லாருக்குமா?"

"ஓம், முழுக் குடியிருப்புக்கும்."

தோழரின் கை சோற்றிலேயே நின்றது. பிறகு உம்மாவின் சமையலைப் புகழ்ந்தார், கை கழுவினார், தேத்தண்ணி வருவதற்குள் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வளவில் நடக்கவிருந்த கூட்டம் வேறெங்கோ மாறிப்போனது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாப்பா அயலில் இரவல் வாங்கிய கதிரைகளை அடுக்கிவிட்டு, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை வேலிப் படலையடியில் நின்றார்.

தேர்தலன்று எல்லாரோடும் பஸ்ஸேறி மன்னாருக்குப் போனார். அங்கேயும் அதே கட்சிக்குத்தான் போட்டார், பாவி மனுசன்.

தோழர் வென்றார். வெற்றி ஊர்வலம் எங்கள் தெருவால் போனபோது வாப்பா கையைத் தூக்கினார். தோழரும் தெருவில் நின்ற எல்லாருக்கும் காட்டுவதுபோல் கைகாட்டிவிட்டுப் போனார். வேலை திரும்பி வரவேயில்லை. வாப்பா கொடியை அவிழ்த்து உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதை நாலாக மடித்துச் சூடான பானை இறக்க வைத்துக்கொண்டார்.

தோழர் ஏன் மறுபடி வரவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கால் துண்டை நான் தின்றதால்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.