உதட்டுக்குப் போன கை

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப்பில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தகடு அடிக்கிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. போதாததற்கு எல்லார் காதிலும் அடைப்பான். அதனால் ஆளுக்கொரு சைகை. வயிற்றைத் தடவினால் சூப்பர்வைசர். மணிக்கட்டைத் தட்டினால், திருநின்றவூர் ரயிலைச் சாக்குச் சொல்லித் தினமும் தாமதமாக வருகிற வெல்டர். மீசையை முறுக்கினால் நான்.

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று நான் மெனக்கெட்டு வளர்த்த மீசை அது. நீண்ட விடுப்பு முடிந்து, மீசையும் பழைய பேரும் இல்லாமல், சுடிதாருக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு அதே ஷெட்டுக்குத் திரும்பினேன். எப்படிக் கூப்பிட வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று நிர்வாகம் முன்பே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தது. வாய்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. கைகளுக்கு யாரும் கூட்டம் போடவில்லை.

எனக்கு எதிர் மிஷின் ஓட்டுபவர் மாங்காட்டுக்காரர், ஷெட்டுக்கே அண்ணாத்தே. நான் திரும்பி வந்த முதல் வாரமே, தகடு தீர்ந்துவிட்டதென்று சொல்ல என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். உடனே சுட்டதுபோல் கையைக் கீழே போட்டார். டீ நேரத்தில் தேடி வந்து, "கை தானா பூட்ச்சும்மா, தப்பா எட்த்துக்காத" என்றார். பரவாயில்லை என்றேன். ஆனால் நம்பவில்லை. இத்தனை வருஷம் பிரஸ் ஓட்டி ஒரு விரலைக்கூட இழக்காத கை அது. அதுவா தானாகப் போகும்?

சில நாள் கழித்து மறுபடியும் போனது. அதன் பிறகு நான் தகட்டைப் பார்த்த நேரத்தைவிட அவர் கையைப் பார்த்த நேரம்தான் அதிகம். அவர் மூக்கைச் சொறிந்தாலே நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். தெரியாமல் செய்கிறார் என்றால் பொறுத்துப் போகலாம். தெரிந்தே செய்கிறார் என்றால் ஷெட்டே சேர்ந்து சிரிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் எனக்கு அங்கே இடமில்லை. இன்னொரு கம்பெனி வாசலில் நின்று முதலிலிருந்து என்னை விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

ஒருநாள் கேன்டீன் பக்கம் அவரும் வெல்டரும் காதருகே கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. மாட்டினீர்களா என்று நினைத்துக்கொண்டு நேரே போய், என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒனக்குப் புதுசா இன்னா சைகை வெக்கலாம்னு பேசிகினு இருந்தோம். இவன் வளையலுன்றான். நான் கம்மலுன்றேன்" என்றார் அண்ணாத்தே.

ஷெட்டுக்குள் கம்மல் போடவே விடமாட்டார்களே என்றேன்.

"ஆயுத பூஜைக்குப் போட்டுகினு வந்தியே. நல்லா இருந்துச்சு."

இவர் எதற்கு என் காதைப் பார்த்தார் என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

அந்த வாரமே நான் குனிந்து தகடு அடுக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸில் வந்தது. எனக்குத் தெரியாது. எதிரே அண்ணாத்தேயின் கை சட்டென்று எழுந்தது என் ஓரக்கண்ணில் பட்டது. உதட்டை நோக்கிப் போய், பாதியில் தடுமாறி, காதுக்குத் திரும்பி, இல்லாத கம்மலை ஆட்டியது. அதற்குள் நான் துள்ளி ஒதுங்கியிருந்தேன். வண்டி என் கோட்டை உரசிக்கொண்டு போனது.

புது சைகை வேலை செய்துவிட்டதென்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். அவர் கை உதட்டுக்குப் போனபோதே நான் திரும்பிவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.