நீட்டிய கால்

பெற்ற தாய் பிள்ளையின் காலில் விழுவாளா? என் அம்மா விழுந்தாள். நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் புத்த சமயத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தகரக் கொட்டகையில் கூடுவோம். அதற்குத்தான் விகாரை என்று பெயர். என் அண்ணன், அப்பாவோடு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ரயில் பட்டறையில் வேலை பார்த்தவன். நான் தூங்கும்போது என் பின்னலைக் கட்டில் காலில் கட்டிவிடுகிற போக்கிரி. அவன்தான் ஒருநாள் சோறு தின்றுகொண்டே, ரங்கூன் போய்ப் பிக்குவாகப் போகிறேன் என்றான். நைனா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

புறப்படுகிற சமயம் பார்த்துப் பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து அவன் வலது காலைப் பிளந்துவிட்டது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினாள். "ஆறட்டும்டா, அடுத்த கப்பல்ல போயேன்" என்று கெஞ்சினாள். கேட்டானா? நொண்டிக்கொண்டே கப்பலேறினான். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரே பாட்டுத்தான். "புண்ணோட போய்க்கினானே, சீழ் வச்சா அங்க யாரு கீறாங்க பாக்க?" கேட்டுக் கேட்டு நைனாவுக்கே பேஜாராகிவிட்டது.

இரண்டு வருஷம் போயிற்று. வைகாசிப் பௌர்ணமிக்கு ரங்கூனிலிருந்து வருகிற பிக்குகளில் அண்ணனும் ஒருவன் என்று சேதி வந்தது. அம்மா அவனுக்குப் பிடித்த அதிரசம் சுட்டாள். நான் அவன் பாயை உதறி விரித்துவைத்தேன். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவது என்பது என் திட்டம்.

கொட்டகையில் நாற்காலிகளில் மூன்று மொட்டைத் தலைகள். எந்தத் தலை எங்களுடையது என்று விடைத்த காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "அண்ணே!" என்று ஓடினேன். நைனா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"கிட்ட போவாத. பொம்பளைங்க பந்தேவைத் தொடக்கூடாது."

"யாரு பந்தே?"

"அவருதான்."

அவராமே! முந்தாநாள் வரை நைனாவிடம் முதுகில் நாலு வாங்கிய பிள்ளை, அவராம்!

அம்மா அதிரசத்தோடு முன்னால் போனாள். அவன் கைநீட்டி வாங்கவில்லை. ஒரு துணியை விரித்தான். அவள் அதிரசத்தை அதன்மேல் வைத்தாள். அப்புறம் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய், அம்மா கால்ல வுழுதுடா! தூக்குடா!" என்று கத்திவிட்டேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவன் அசையவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "உபாசிகைக்குச் சுகம் உண்டாகட்டும்" என்றான். உபாசிகையா? விகாரைக்கு வருகிற எல்லாப் பொம்பளைக்கும் சொல்கிற பெயர். பெற்றவளுக்கு இதுவா பெயர், பாவி!

"கத்தாத" என்று நைனா என் வாயைப் பொத்தினார். "துவராடை கட்டிட்டா அவரு குரு. பெத்தவளும் கும்புடணும். அவரு திருப்பிக் கும்புடக்கூடாது, அதான் மொறை."

இன்னா முறையோ! அம்மா இரண்டாம் முறை விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தபோதுதான் அந்த அநியாயம் நடந்தது. ஆடைக்குள் மறைந்திருந்த வலது காலை அவன் மெள்ள வெளியே எடுத்து, அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினான். ஆமாம், நீட்டினான்! அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. அப்படியே கிடந்தாள். பின்னால் காத்திருந்தவர்கள் இருமினார்கள். "இன்னா பக்தி பாரு" என்றாள் ஒருத்தி.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன், திட்டினேன். அம்மாவோ அழவில்லை. பண்டிகைக்குப் போய்வந்தவள் மாதிரி முகம் தெளிந்து நடந்தாள். பாலத்தண்டை வந்ததும் நைனாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"புண்ணு ஆறிப்போச்சி. தழும்புதான் கீது."

நைனா "உம்" என்று சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையே பறிபோயிற்று, இவளுக்குப் புண்தானா பெரிசு? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொன்னேன்: என் அண்ணனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள், விழுந்து கும்பிட்ட அம்மாவுக்கு எதிரில் காலை நீட்டினான் என்று.