நான்காம் வரிசையின் சிக்கனம்

பம்பரம் என்ற பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அவரோடு ஐந்து நிமிடம் ஒரே அறையில் இருந்தால் போதும். கால் ஆடும். கால் ஓய்ந்தால் விரல் தாளம் போடும். அதுவும் ஓய்ந்தால் எழுந்து போய் மூடியிருக்கும் ஜன்னலைத் திறப்பார், திறந்ததை மூடுவார். பயணச்சீட்டுக் கிழிக்கும் வேலையில் மூன்று மாதம், காவலாளி நாற்காலியில் ஒன்றரை மாதம், ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலையில் பதினோரு நாள். உட்காரச் சொன்ன இடத்திலிருந்தெல்லாம் ஓடி வந்தவர். "ஆணி அடிச்சு வச்சாலும் நாற்காலியோட எழுந்து போற ஆளு" என்பாள் அவர் மனைவி.

அப்படிப்பட்டவருக்குச் செடி ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஐந்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தொட்டி, எல்லாவற்றிலும் பயற்றுச் செடி. காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். தொட்டியின் பக்கத்தில் ஓர் எடை எழுதியிருக்கும். அதற்கு எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை தண்ணீர் ஊற்றி, நோட்டில் குறிக்க வேண்டும். அறுபது தொட்டி முடித்துத் திரும்பினால் பத்தரை மணி. இதற்கெல்லாம் ஒரு தடவைகூட உட்கார வேண்டாம். பத்தொன்பது வருடமாக அவர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் நோட்டில் ஒரு கிராம் தப்பு இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

மண்ணை பிளாஸ்டிக் தாளால் போர்த்தித் தண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், மண்ணிலிருந்து ஈரம் போகாதபடி. அப்புறமும் எடை குறைந்தால் அது இலை விட்ட தண்ணீர். செடி குடிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இலை வழியாக ஆவியாகவே போய்விடும் என்று மேடம் சொன்ன அன்று பம்பரத்துக்கு மனசே ஆறவில்லை.

"அப்போ இது ஓட்டைக் குடந்தானா மேடம்? நான் ஊத்தி ஊத்தி என்ன புண்ணியம்?"

"ஓட்டைதான் அண்ணா. ஆனா ஒவ்வொரு ஓட்டைக்கும் கதவு இருக்கு. வாங்க, உக்காந்து பாருங்க."

மேடம் என்பவர் அந்தக் கூடத்தின் விஞ்ஞானி, பம்பரத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். நுண்ணோக்கி முன்னால் ஒரு முக்காலி காட்டினார். பம்பரம் நின்றபடியே குனிந்து பார்த்தார். இலையின் அடிப்புறத்தில் ஆயிரக்கணக்கில் குட்டி வாய்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு. வேர் போதுமான தண்ணீர் அனுப்பினால் உதடுகள் புடைத்து வாய் திறக்கும். காற்று உள்ளே போகும், ஆவி வெளியே வரும். தண்ணீர் குறைந்தால் உதடு தளர்ந்து வாய் மூடிக்கொள்ளும். மூடினால் ஈரம் மிஞ்சும், ஆனால் காற்று உள்ளே வராது, செடி தனக்குச் சாப்பாடு செய்ய முடியாது. தாகமா, பசியா என்று அது நாள் முழுவதும் பேரம் பேசிக்கொண்டே இருக்கிறது. தன்னைப் போலவே நிலைகொள்ளாத ஜீவன் ஒன்று இருக்கிறது என்று பம்பரத்துக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

அந்த வாய்களைப் படி எடுப்பதும் அவர் வேலைதான். நடுப்பகலில் இலையின் அடியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோடு தடவி, காய்ந்ததும் ஒட்டு நாடாவால் உரித்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டினால், அந்த நேரத்தில் வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது அச்சாக வந்துவிடும். இந்த அச்சு வேலை தொடங்கிய முதல் மாதம் சட்டைப் பையில் நெயில் பாலிஷைப் பார்த்த மனைவி, மறுநாள் பின்னாலேயே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். கணவர் ஒரு பயற்றுச் செடிக்குப் பவ்யமாகப் பாலிஷ் போடுவதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். இன்றைக்கும் அவளுக்குக் கோபம் வந்தால், "போங்க, உங்க இலைகிட்டயே போங்க" என்பாள்.

மேடம் ஐந்து வருடமாகத் தேடியது, குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் ஒரு பயற்று வகை. ஐந்து வருடமும் கைக்கு எட்டவில்லை. இந்த ஆண்டு நிலையத் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: ஆய்வுக் குழு வரும்போது காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் கண்ணாடிக் கூடத்தை மூடிவிட்டு ஆட்களை வேறு பிரிவுகளுக்குப் பிரித்துவிடுவார்களாம். பம்பரத்துக்கு வேறு பிரிவு என்றால் கோப்பு அறை, அதாவது ஒரு நாற்காலி.

அந்தச் சமயத்தில்தான் நான்காம் வரிசை அதிசயம் காட்டியது. ஒரு திங்கட்கிழமை காலை எடை போட்டால், இரண்டு நாளில் அந்த வரிசை தண்ணீர் விட்டதாகவே தெரியவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் மற்ற வரிசை குடித்ததில் பாதிதான் குடித்தது. நடுப்பகல் அச்சுகளில் வாய்கள் இறுக்கமாக மூடியிருந்தன. மேடம் கை தட்டிச் சிரித்ததை பம்பரம் அன்றுதான் பார்த்தார்.

பன்னிரண்டில் மூன்று தொட்டி மட்டும் ஒத்துவரவில்லை. அவை வழக்கம்போல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்தன. "இதுல வேற விதை கலந்திருக்கும் அண்ணா. எடுத்துப் போட்டுருங்க" என்றார் மேடம். குப்பையில் போட பம்பரத்துக்கு மனம் வரவில்லை. வீட்டு மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

குழு வருவது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு காலை, மனைவி திரைச்சீலை ஒன்றுக்கு ஓரம் தைத்துக்கொண்டே புலம்பினாள். "சிக்கனச் செடி சிக்கனச் செடின்னு ஊரெல்லாம் சொல்றீங்க. கொண்டாந்து வச்ச மூணும் காலைல ஊத்துனா மத்தியானம் நாக்கைத் தள்ளுது. நம்ம வீட்டுக்கு வந்தா செடிகூட ஊதாரி ஆயிடுமா?"

"அது வேற விதைடி."

"ஒரே பொட்டலத்துலேர்ந்து நீங்கதானே போட்டீங்க?"

அவர்தான் போட்டார். தன் கையால், எண்ணி. வேறு விதை கலக்க வழியே இல்லை. அப்படியானால் அந்த மூன்றுக்கும் மற்ற ஒன்பதுக்கும் என்ன வித்தியாசம்? மாடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஏழாவது நடையில் நின்றார். அதிசயத்துக்கு முந்திய சனிக்கிழமை, நான்காம் வரிசைச் செடிகள் உயரமாகி ஒருபக்கமாகச் சாய்ந்தன என்று எடை போட்ட பிறகு முட்டுக்கம்பி ஊன்றிக் கட்டினார். பட்டறையில் இருந்தது ஒன்பது இரும்புக் கம்பி. மீதி மூன்று செடியையும் வெறும் கயிற்றால் மேசைச் சட்டத்தோடு கட்டிவிட்டார்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். ஒரு கம்பியை உருவித் தராசில் வைத்தார். முந்நூற்றுப் பதினாறு கிராம்.

தொட்டிக்கு எழுதிய எடை மாறவில்லை, தொட்டிக்குள் இரும்பு ஏறிவிட்டது. தினமும் அந்த எடை வரைக்கும்தான் தண்ணீர் ஊற்றினார். ஒன்பது செடியும் ஆறு வாரமாக ஒன்றரை டம்ளர் தண்ணீர் குறைந்த மண்ணிலேயே காலம் தள்ளியிருக்கின்றன. அதுகளுக்குச் சிக்கனமும் இல்லை, ஒன்றும் இல்லை. தாகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அதுவும் சாய்ந்துவிடக் கூடாதே என்று அவர் காட்டிய பாசத்தால். கம்பியைத் திரும்பச் செருகினார்.

திங்கட்கிழமை அவர் கூடத்தை நாற்பது தடவையாவது சுற்றியிருப்பார். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் காலி வாளியோடு திரும்பினார். கம்பிகளை உருவிவிட்டுக் கயிறு கட்டி, தண்ணீரையும் மெல்ல மெல்லக் கூட்டிவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. மேடம் தன் உரையை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "உக்காருங்க அண்ணா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். பம்பரம் ஒரு வேலையும் இல்லாத குழாயை மூடுவதற்கு ஓடினார்.

செவ்வாய் மாலை மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "ரெண்டு நாளா வீட்டுக்குள்ள எட்டு போட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தலை சுத்துது. என்ன ஆச்சு?"

சொன்னார். நடந்துகொண்டேதான் சொன்னார்.

"மேடம்கிட்ட சொன்னா?"

"மூடிருவாங்க. அவங்க அஞ்சு வருஷம் போச்சு. நான் நாற்காலிக்குப் போகணும்."

"சொல்லலைன்னா?"

அவர் மாடத்துச் செடிகளைப் பார்த்தார். "இந்த விதையைக் கொண்டுபோய்க் குடுப்பாங்க. மழை ஏமாத்துற வருஷம் எவனாவது இதை நம்பி விதைப்பான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரெண்டு நாளா உங்க காலு சொல்லிக்கிட்டேதான் இருக்கு. வாயிதான் இன்னும் சொல்லல."

கூடம் அந்த ஆண்டோடு மூடப்பட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது நல்லது நடந்து தப்பித்துவிடும் என்று உங்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் புதன்கிழமை காலை அது அவருக்குத் தெரியாது, பாதி நம்பிக்கையோடும் முழுப் பயத்தோடும்தான் போனார்.

மேடம் முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் கத்தினார். "இப்பவா சொல்றீங்க? நாளன்னிக்குக் குழு வருது, இப்பவா?" மேடம் நான்காம் வரிசைக்குப் போய் ஒரு கம்பியைத் தொட்டார். அந்த வரிசையில் தொட்டி தவறாமல், கண்ணுக்கு நேராக, ஒன்பது கம்பி நின்றது. "நல்லாக் கட்டியிருக்கீங்கன்னு நானே சொன்னேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அடியிலிருந்து மூன்று கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். ஒத்துவராத மூன்று செடிகளின் அச்சு.

"தூக்கிப் போடலையா மேடம்?"

"முடியல அண்ணா. உங்க நோட்டுல தப்பு வராது, நீங்க விதையைக் கலக்குற ஆளும் இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் யோசிக்க வேண்டாம்னு உள்ள வச்சுப் பூட்டினேன்." மூன்று துண்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "கம்பியை எடுத்துட்டு, அந்தத் தண்ணியை ஊத்துங்க. நாளைக்கு மத்தியானம் பாப்போம்" என்றார்.

ஒவ்வொரு தொட்டிக்கும் முந்நூற்றுப் பதினாறு கிராம், அளந்து, ஒன்பது தடவை. மண் அதை உறிஞ்சிய வேகத்தைப் பார்த்தபோது பம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது. தன் செடியைத் தானே இத்தனை நாள் தவிக்க விட்டோமே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வீட்டு மாடத்திலிருந்து மூன்று தொட்டிகளையும் ஒரு வண்டியில் வைத்துக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார். நடுப்பகலில் பன்னிரண்டு இலைகளுக்கும் பாலிஷ் தடவினார், உரித்தார், ஒட்டினார். மேடம் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், கீழே வைத்தார்.

"அண்ணா, நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

நோட்டில் எடைகளை எழுதித்தான் பம்பரத்துக்குப் பழக்கம். முடிவு எழுதும் பக்கத்தை அவர் தொட்டதே இல்லை. நின்றுகொண்டு எழுதிப் பார்த்தார், கோடு கோணியது. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு. திறந்திருக்கு."

எழுதினார்.

"ரெண்டு. திறந்திருக்கு."

ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டு மாறியது. ஒன்பது முடிந்ததும் பம்பரம் பழக்கத்தில் கோடு போடப் போனார். அந்த மூன்றை எடுத்ததிலிருந்து அவர் எடை நோட்டில் அந்த வரிசைக்கு ஒன்பதோடுதான் கணக்கு முடிந்திருந்தது. மேடம் பத்தாவது துண்டை எடுத்து வைத்தார்.

"கோடு போடாதீங்க. இன்னும் மூணு இருக்கு."

பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் திறந்திருந்தன. பம்பரம் மூன்றையும் எழுதினார். கால் ஆடாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரியவில்லை.