கழுத்தில் ஏறிய விசில்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வரும்வரை வரிசையில் ஆட்கள் நிற்கமாட்டார்கள், கல்தான் நிற்கும். வீட்டுக்கொரு கல், அதில் வீட்டுக்கொரு பெயிண்ட் அடையாளம். எங்களுடையது நீலக்கோடு. லாரி வந்ததும் அவரவர் கல் இருந்த இடத்தில் குடத்தை வைக்கவேண்டியதுதான். இதை மேய்க்க, சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த ஒரு பெரியவர் கழுத்தில் விசிலோடு நிற்பார். அவருக்குப் பிடிக்காதவர்களின் கல் கடைசிக்குப் போய்விடும்.

பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்துவந்த என் சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "நம்ம கல்ல வெக்க நமக்குத் தெரியாதா? இவுரு இன்னாத்துக்கு ஊதணும்? யாரும் யாரையும் அதட்டக் கூடாது, அவ்ளோதான்!" என்று வீடுவீடாகப் போய்ப் பேசினார். எனக்குக் குஷி தாங்கவில்லை. அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகவேண்டாமே! பெரியவர் விசிலைக் கழற்றிச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பப்பா, அதற்கப்புறம் வந்த முதல் லாரி எவ்வளவு அழகு! சத்தமில்லை, சண்டையில்லை. கிழவிகளுக்குக்கூட வழிவிட்டார்கள்.

அடுத்த லாரிக்குப் பக்கத்து லைன் பால்காரர் தடித்தடி மகன்களோடு டிரம்களை உருட்டிக்கொண்டு வந்தார். கற்களைக் காலாலேயே ஒதுக்கினார். எங்கள் நீலக்கோடு சாக்கடையில் போய் விழுந்தது. வீட்டில் அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். தம்பியைத் துடைத்துவிடக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அண்ணே, கல்லு இருக்குதுண்ணே. இது நாயமா?" என்றார் சித்தப்பா.

"யாரும் யாரையும் அதட்டக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே பால்காரர் அடுத்த டிரம்மில் குழாயைப் போட்டார்.

"சித்தப்பா, தண்ணி தீந்துடும்!" சட்டையைப் பிடித்து இழுத்து அழுதேன். அவர் கை பாக்கெட்டுக்குப் போனது. விசில் காதைக் கிழித்தது. டிரம்மை உதைத்துத் தள்ளி, பால்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். லைன் ஆண்கள் அவர் பின்னால் திரண்டார்கள். எங்கள் குடம் நிறைந்தது. அன்று எனக்குச் சித்தப்பாதான் சாமி.

அதற்கடுத்த லாரியன்றும் எனக்குப் பயம் தெளியவில்லை. எங்கே தீர்ந்துவிடுமோ என்று எங்கள் கல்லை ஓசைப்படாமல் ஓரிடம் முன்னால் நகர்த்தினேன்.

விசில் அலறியது. "ஏய்! கல்ல எட்றீ! கொண்டுபோய்க் கடைசில போடு!"

சித்தப்பா வாயில் அதே மேஸ்திரி அதட்டல். என்னமாய் நடித்துக்காட்டுகிறார் என்று நான் கைதட்டிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா கழுத்தில் தொங்கிய விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, நான் கல்லை எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.